பொடியை அறிந்த ஊர்

விருதுநகர் மாவட்டம் சூலக்கரையில் பட்டறை உரிமையாளர்கள், தொழிலாளர்கள், தொழிற்பயிற்சி மாணவர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இங்கிருந்து நான்குவழிச் சாலையில் நேர் தெற்காகக் கோவில்பட்டி, திருநெல்வேலி தாண்டிப் போனால் மகேந்திரகிரி மலை வரும். அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. 2024 மே 9 அன்று அங்கே ஒரு ராக்கெட் இன்ஜின் 665 விநாடிகள் இடைவிடாமல் எரிந்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் இயங்கும் பி.எஸ்.4 இன்ஜின் அது. பல ஆண்டுகளாக விண்ணில் பறந்து பழகிய இன்ஜின்தான் என்றாலும் அன்று சோதனை மேடையில் நின்றது வேறு வழியில் பிறந்தது. பழைய முறையில் 14 பாகங்களைத் தனித்தனியே செய்து 19 இடங்களில் வெல்டிங் வைத்து இணைக்க வேண்டும். புதிய முறையில் அந்தப் பதினான்கும் ஒரே பாகமாகிவிட்டன. பத்தொன்பது வெல்டிங்கும் போய்விட்டது. பழைய முறையில் ஓர் இன்ஜினுக்கு 565 கிலோ உலோகம் எடுத்து அடித்துக் கடைந்தார்கள். புதிய முறைக்கு வேண்டியிருந்தது 13.7 கிலோ உலோகப் பொடி. உற்பத்தி நேரத்தில் 60 சதவீதம் மிச்சம்.

லேத் ஓட்டிய கைக்கு இந்த எண்களின் அருமை உடனே புரியும். கட்டியாக வாங்கிய உலோகத்தில் எவ்வளவு பாகமாக வெளியே போகிறது, எவ்வளவு சீவலாகத் தரையில் விழுகிறது என்பதில்தான் பட்டறையின் லாபமும் நட்டமும் இருக்கின்றன. மூலப்பொருள் 41-இல் ஒரு பங்காகக் குறைந்தது என்றால், சீவலே இல்லாத வேலைக்கு அது கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று பொருள்.

வெட்டிக் கழித்து வடிவம் கொண்டுவருவது பழைய வழி. டர்னிங், மில்லிங், டிரில்லிங் எல்லாம் அந்தக் குடும்பம். வேண்டிய இடத்தில் மட்டும் பொருளைச் சேர்த்துச் சேர்த்து வடிவம் கொண்டுவருவது இந்தப் புதிய வழி. பாடநூலில் இதற்குச் சேர்ப்பு உற்பத்தி என்று பெயர். கடைத்தெருவில் 3டி பிரிண்டிங்.

சிவகாசிப் பக்கம் அச்சகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆஃப்செட் இயந்திரத்தில் ஒரு காலண்டர் தாள் நான்கு முறை மை வாங்குகிறது: நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு. நான்கும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். ரிஜிஸ்டர் தப்பினால் தாள் கழிவு. உலோக அச்சு இயந்திரத்துக்கும் அதே கட்டுப்பாடுதான், நான்கு முறைக்குப் பதில் ஆயிரக்கணக்கான முறை. ஒரு தட்டின்மேல் சுமார் 40 மைக்ரான் கனத்துக்கு உலோகப் பொடி பரப்பப்படும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். லேசர் கதிர் அந்தப் படலத்தில் வேண்டிய இடத்தை மட்டும் உருக்கிக் கெட்டியாக்கும். தட்டு 40 மைக்ரான் கீழே இறங்கும், அடுத்த படலம் பரவும், லேசர் மறுபடி ஓடும். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள பாகம் என்றால் 2500 படலங்கள். உருகாமல் மிஞ்சிய பொடியைச் சலித்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வழியில் பிறக்கும் பாகத்துக்குள் எந்த டிரில்லும் போக முடியாத வளைந்த வாய்க்கால்களை வைக்கலாம். ராக்கெட் இன்ஜின்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். இன்ஜினின் சுவருக்குள் நுண்ணிய வாய்க்கால்கள் ஓட, எரிபொருளே அவற்றின் வழியாகப் பாய்ந்து சுவரைக் குளிர்வித்துவிட்டுப் பிறகு எரியப் போகும். சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனம் ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் இருவரும் 2017-இல் தொடங்கியது. பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தி அவர்களுக்குத் துணை நின்றார். 2024 மே 30 காலை 7.15 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்து அக்னிபான் சோதனை ராக்கெட்டை அவர்கள் பறக்கவிட்டார்கள். அதற்கு முன் நான்கு முறை ஏவுதல் தள்ளிப்போயிருந்தது. ஒரே துண்டாக அச்சிட்ட இன்ஜினைக் கொண்டு உலகிலேயே முதலில் பறந்த ராக்கெட் அது. மூல உலோகம் நிக்கலை அடிப்படையாகக் கொண்ட இன்கோனல். அந்த இன்ஜினை அச்சிட ஏறத்தாழ மூன்று நாள் ஆகிறது.

மகேந்திரகிரி சோதனைக்கும் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதலுக்கும் இடையில் மூன்றே வாரம். தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் அந்த மே மாதத்துக்குத் தனி இடம் உண்டு.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஜப்பானில் நகோயா நகராட்சித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் ஹிதேயோ கொடாமா 1980-81-இல் ஒளி பட்டால் இறுகும் பிசினை அடுக்கடுக்காக இறுக்கி வடிவம் செய்து காட்டினார். காப்புரிமையை முடிக்க முடியாமல் போனது. அமெரிக்காவில் சார்லஸ் ஹல் அதே வழியில் 1986-இல் காப்புரிமை பெற்று நிறுவனமும் தொடங்கினார். ஸ்காட் கிரம்ப் பிளாஸ்டிக் இழையை உருக்கி இழைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கார்ல் டெக்கார்ட் பொடியை லேசரால் உருக்கிப் பிணைக்கும் முறைக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வழி திறந்தார். கிரம்பின் அடிப்படைக் காப்புரிமை 2009-இல் காலாவதியான பிறகுதான் விலை சரிந்தது. இன்று இருபது, முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் பிரிண்டர் கிடைக்கிறது.

இங்கேதான் பலர் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். பிரிண்டர் வாங்குகிறார்கள், இணையத்தில் கிடைக்கும் பொம்மையை இறக்கி அச்சிடுகிறார்கள், ஆறு மாதத்தில் இயந்திரம் மூலைக்குப் போகிறது. எதை அச்சிடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இயந்திரம் வாங்கினால் அப்படித்தான் ஆகும். சூலக்கரை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துப் பட்டறைக்கு முதல் தேவை ஸ்கேனர். அதற்கான காரணம் இந்த ஊர்களில் ஓடும் பழைய இயந்திரங்களில் இருக்கிறது.

சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் இயந்திரங்களில் கணிசமானவை ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஒரு சுற்று உழைத்து முடித்துவிட்டு இங்கே செகண்ட் ஹாண்டாக வந்தவை. விருதுநகரின் எண்ணெய் ஆலைகளிலும் பருப்பு மில்களிலும் தாத்தா காலத்து இயந்திரங்கள் இன்னும் உழைக்கின்றன. பல இயந்திரங்களுக்கு வரைபடம் கிடையாது. செய்த நிறுவனம் அந்த மாடலை எப்போதோ கைவிட்டிருக்கும். ஒரு கேம் தேய்ந்தால், ஒரு பல்சக்கரத்தில் இரண்டு பல் உடைந்தால், இயந்திரம் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காலண்டர் வேலை கழுத்தை நெரிக்கும்போது ஒரு நாள் நின்றாலும் நட்டம். அப்போது அனுபவமுள்ள டர்னர் வெர்னியரையும் காகிதத்தையும் வைத்துக்கொண்டு அளவெடுத்து ஒரு மாற்றுப் பாகம் செய்துவிடுகிறார். அந்தத் திறமை பெரிய சொத்து. ஆனால் வெர்னியருக்குப் பிடிபடாத வளைவுகள் உண்டு. கேம் ஒன்றின் விளிம்பு, பம்ப் இம்பெல்லரின் இதழ் போன்ற வளைவுகள் ஒவ்வொரு இடத்திலும் மாறிக்கொண்டே போகும். அங்கே கைக்கருவி திணறுகிறது.

ஸ்கேனர் செய்வது என்ன? பாகத்தின்மேல் வரிவரியாக ஒளியைப் பாய்ச்சுகிறது. மேடு பள்ளத்துக்கு ஏற்ப அந்த வரிகள் வளைகின்றன. பக்கத்தில் உள்ள கேமராக்கள் அந்த வளைவைப் பார்த்து, பள்ளிக்கூட முக்கோணக் கணக்கைக் கொண்டே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கின்றன. சில நிமிடங்களில் லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்கின்றன. கணினி அந்தப் புள்ளிகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக இணைத்து ஒரு வலைத்தோல் ஆக்குகிறது. நல்ல கையடக்க ஸ்கேனரில் பிழை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கும். பளபளப்பான உலோகத்தில் ஒளி சிதறும், அதனால் மெல்லிய வெள்ளைப் பூச்சைத் தெளித்துவிட்டு எடுக்க வேண்டும். ஆழமான துளையின் உட்புறத்தை ஒளி எட்டாது. அதற்கு மருத்துவமனையில் எடுப்பது போன்ற சி.டி. ஸ்கேன் வேண்டும்.

இந்த நுட்பம் பிடிக்கும் நுணுக்கத்தைக் காண நூறு ரூபாய் நோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் போதும். ஊதா நிற நோட்டின் பின்புறம் இருப்பது குஜராத்தில் பாட்டன் நகரத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு. 2011-இல் இந்தியத் தொல்லியல் துறையின் ஒத்துழைப்போடு ஸ்காட்லாந்து வல்லுநர்களும் சைஆர்க் அமைப்பும் அந்தக் கிணற்றை லேசர் ஸ்கேன் செய்தார்கள். படிகளும் தூண்களும் சிற்பங்களும் புள்ளிகளாகப் பதிவாகின. நாளை ஒரு நிலநடுக்கம் வந்தாலும் எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது.

ஆனால் அந்தப் படிக்கிணற்றுக்கும் ஒரு பல்சக்கரத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. படிக்கிணற்றை உள்ளது உள்ளபடி பதிவு செய்ய வேண்டும். தேய்ந்த பல்சக்கரத்தை உள்ளது உள்ளபடி பதிவு செய்து அப்படியே இன்னொன்று செய்தால், தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுத்ததாகிவிடும். ஸ்கேனருக்குத் தேய்மானம் எது, மூல வடிவம் எது என்று தெரியாது. அதைத் தெரிந்தவர் மனிதர்தான். உதாரணத்துக்கு, ஒரு ஜெர்மன் இயந்திரத்தின் பல்சக்கரத்தில் 36 பற்கள். ஸ்கேன் காட்டும் வெளிவிட்டம் 151.7 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, வரும் 38 ஆல் அந்த விட்டத்தை வகுத்தால் மாட்யூல் 3.99 வருகிறது. அப்படி ஒரு மாட்யூல் எந்தத் தர அட்டவணையிலும் கிடையாது. ஃபிட்டர் உடனே சொல்வார்: இது மாட்யூல் 4, மூல விட்டம் 152, தேய்ந்தது 0.3. அந்த 0.3-ஐத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுப் பாகம் சரியாக ஓடும். பல்லின் சரிவுக் கோணம், ஷாஃப்ட் உட்காரும் துளையின் பொருத்தம், கீவே எல்லாவற்றிலும் இதே தீர்ப்பு தேவைப்படுகிறது. முப்பது வருடம் லேத்தில் நின்றவரும் கணினியில் வரையத் தெரிந்த இருபது வயதுப் பெண்ணோ பையனோ ஒரே மேசையில் உட்கார்ந்தால் இந்த வேலை நடக்கும். தனித்தனியே இருந்தால் நடக்காது.

வரைபடம் கைக்கு வந்த பிறகு பாகத்தை எப்படிச் செய்வது என்பது அடுத்த கேள்வி. பல்சக்கரத்தைப் பழையபடி இரும்பில் வெட்டுவதுதான் சரி. அதை அச்சிடத் தேவையில்லை. வார்ப்புப் பாகமாக இருந்தால் பேட்டர்னை பிளாஸ்டிக்கில் அச்சிட்டு வார்ப்புப் பட்டறைக்கு அனுப்பலாம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு சுமார் ஒரு சதவீதம், அலுமினியம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். 300 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புப் பாகத்துக்கு பேட்டர்ன் 303 இருக்க வேண்டும். மரத்தில் பேட்டர்ன் செய்யும் ஆசாரிகள் இதற்கென்றே தனி அளவுகோல் வைத்திருந்தார்கள். கணினியில் அந்தக் கணக்கு ஒரே சொடுக்கில் முடிகிறது. பேட்டர்னே இல்லாமல் மணல் அச்சை நேரடியாக அடுக்கடுக்காக அச்சிடும் இயந்திரங்களும் உண்டு. நகைத் தொழிலில் மெழுகு மாதிரியை அச்சிட்டுத் தங்கம் வார்ப்பது இன்று சாதாரணமாகிவிட்டது.

உதிரிபாகப் பஞ்சத்தால் அவதிப்படுவது சிவகாசி அச்சகங்கள் மட்டும் இல்லை. ஜெர்மன் ரயில்வே, நாற்பது ஐம்பது வருடம் ஓடும் இன்ஜின்களை வைத்துக்கொண்டு அதே தொல்லையில் இருந்தது. 2015-இல் அவர்கள் முதலில் அச்சிட்டது பெட்டிகளில் கோட்டு மாட்டும் கொக்கி. அங்கிருந்து படிப்படியாக ஏறி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்களை அச்சிட்டுவிட்டார்கள். சிறியதில் தொடங்கிப் பெரியதுக்குப் போன அந்த வரிசை நம் பட்டறைகளுக்கு நல்ல பாடம்.

விமானத் துறையில் எண்ணிக்கை இன்னும் பெரிது. லீப் விமான இன்ஜினின் எரிபொருள் நாசில் முன்பு 20 பாகங்களைப் பற்றவைத்துச் செய்யப்பட்டது, ஜி.இ. நிறுவனம் அதை ஒரே பாகமாக அச்சிட்டது. எடை கால் பங்கு குறைந்தது. 2018 அக்டோபருக்குள் அலபாமாவின் ஆபர்ன் ஆலையிலிருந்து 30,000 நாசில்கள் வெளியே வந்திருந்தன. கட்டடத் துறையிலும் இது நுழைந்துவிட்டது: காஞ்சிபுரத்தில் எல் அண்டு டி 2020-இல் ஒரு மாடிக் கட்டடத்தையும், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் த்வஸ்தா நிறுவனம் 2021-இல் 600 சதுர அடி வீட்டையும் கான்கிரீட்டால் அச்சிட்டன. பெங்களூரில் 1,021 சதுர அடி அஞ்சலகம் 43 நாளில் எழுந்து, 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

இனி, இந்த மாவட்டம் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பகுதிக்கு வருவோம். அது பொடி.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன் வழியில் பட்டாசு வந்தது, வண்ணத் தாள் அச்சு வந்தது. ஒரு நூற்றாண்டாக இந்த மண்ணில் தீப்பெட்டி ஆபீஸிலும் வெடி ஆபீஸிலும் மனிதர்கள் பொடியோடு வாழ்கிறார்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஒவ்வொன்றையும் எவ்வளவு நைசாகச் சலிப்பது, எந்தக் காற்றில் கலப்பது, எப்போது கையை எடுப்பது என்று இங்கே தெரியும். திருமங்கலத்தில் இயங்கும் மெட்டல் பவுடர் கம்பெனி, சுருக்கமாக மெப்கோ, அலுமினியப் பொடி தயாரிப்பில் நீண்ட அனுபவம் உடையது. 1984-இல் சிவகாசியில் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. உலோகப் பொடியின் பெயரைக் கொண்ட பொறியியல் கல்லூரி உள்ள ஊருக்கு உலோகப் பொடியால் நடக்கும் தொழில்நுட்பம் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு பொடியும் ஒன்றில்லை. பட்டாசுக்கு வேண்டிய அலுமினியம் பெரும்பாலும் செதில் செதிலாக இருக்கும். உலோகத்தை ஆலையில் அடித்துத் தட்டையாக்கிச் செய்வது. செதிலுக்கு மேற்பரப்பு அதிகம், சட்டென்று பற்றும், பளீரென்று எரியும். அச்சுக்கு வேண்டிய பொடி உருண்டையாக இருக்க வேண்டும். உருகிய உலோகத்தைச் சிறு துளை வழியே விழவிட்டு, உயர் அழுத்த வாயுவால் அடித்துத் துளிகளாக்கினால், ஒவ்வொரு துளியும் விழும்போதே உருண்டையாக இறுகிவிடும். விட்டம் பொதுவாக 15 முதல் 45 மைக்ரான். உருண்டை என்றால்தான் பொடி தடையில்லாமல் ஓடிச் சமமாகப் பரவும். செதில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு படலத்தில் பள்ளம் விழும். எரிவதற்கு ஒரு வடிவம், ஓடுவதற்கு ஒரு வடிவம். இந்த வித்தியாசத்தைப் பொடியை விரலால் தொட்டுப் பழகியவர் ஒரு நாளில் பிடித்துக்கொள்வார்.

பொடியின் ஆபத்து மட்டும் மாறவில்லை. உருண்டையாக இருந்தாலும் நைசான அலுமினியமும் டைட்டானியமும் காற்றில் தூசியாக எழும்பி ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதனால் அச்சு அறைக்குள் ஆர்கான் வாயுவை நிரப்பி ஆக்சிஜனை மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே லேசர் எரிகிறது. ஆபத்து பெரும்பாலும் அறைக்கு வெளியே இருக்கிறது: பொடியைக் கொட்டும்போது, சலிக்கும்போது, இயந்திரத்தைத் துடைக்கும்போது. 2013 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வோபர்ன் நகரில் ஒரு உலோக அச்சு நிறுவனத்தில் வெடிப்பு ஏற்பட்டு ஒரு தொழிலாளி கடுமையான தீக்காயம் அடைந்தார். அங்கே புழங்கியது டைட்டானியம், அலுமினியக் கலவைப் பொடிகள். விசாரித்த தொழிலாளர் பாதுகாப்புத் துறை 64,400 டாலர் அபராதம் விதிக்க முன்வந்தது. பொறி உண்டாகும் இடங்களை ஒழிக்கவில்லை, வெடிக்கக்கூடிய இடத்தை ஒட்டியே ஆளையும் பொடியையும் வைத்திருந்தார்கள், உலோகத் தீயை அணைக்கும் தனி வகைத் தீயணைப்பான் இல்லை என்பவை அவர்கள் கண்ட குறைகளில் சில.

இந்தப் பட்டியலைச் சிவகாசித் தொழிலாளி ஒருவர் படித்தால், பக்கத்து ஆலையின் விசாரணை அறிக்கையைப் படிப்பது போலவே இருக்கும். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்குவது, நைலான் உடுத்தாமல் பருத்தி உடுத்துவது, பொறி தெறிக்காத கருவி, ஓர் அறையில் ஆள் கணக்கும் மருந்து கணக்கும், காற்று வறண்ட நாளில் கூடுதல் கவனம் என்பவை இங்கே விதிப்புத்தகத்திலும் இருக்கின்றன, நல்ல போர்மேன்களின் பழக்கத்திலும் இருக்கின்றன. எரியும் அலுமினியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ பெருகும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த அறிவுக்கு இந்த மாவட்டம் கொடுத்த விலை மிகப் பெரிது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் மட்டும் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அதற்கு முன்பும் பின்பும் போன உயிர்கள் எத்தனையோ குடும்பங்களின் வாசலில் படமாகத் தொங்குகின்றன. அந்த விலை கொடுத்துப் பெற்ற ஒழுக்கத்தைப் புதிய தொழிலுக்கு மூலதனமாகக் கொண்டுபோவது, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான வேலை தேடித்தரும் ஒரு வழி. உலோகப் பொடியைக் கையாளவும் சலிக்கவும் தரம் பார்க்கவும் பயிற்சி பெற்ற ஆட்களைக் கோவையும் ஓசூரும் சென்னையும் தேடும் நாளில், விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்க முடியும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிண்டர் என்பது சூடேறும் நாசிலும் மின்மோட்டாரும் கொண்ட இயந்திரம். பட்டாசு மருந்து இருக்கும் உரிமப் பகுதிக்குள் அதற்கு இடமே கிடையாது. மருந்தை அச்சிட்டுப் பார்க்கலாமா என்ற விபரீத ஆர்வமும் யாருக்கும் வரக்கூடாது. சங்குசக்கரத்தின் பிளாஸ்டிக் அச்சாணிக்கு, ஃபேன்சி ரகத்தின் அடித்தட்டுக்கு, பேக்கிங் பெட்டியின் அமைப்புக்கு ஒரு மாதிரி வேண்டுமானால், அதைச் சூலக்கரைத் தொழிற்பேட்டையில் உள்ள பட்டறையில் அச்சிட்டு, காலியாகவே கொண்டுபோய்க் காட்டலாம். மாதிரி பிடித்தால் டை வெட்டி லட்சக்கணக்கில் இஞ்செக்‌ஷன் மோல்டிங்கில் எடுப்பதுதான் சிக்கனம். ஆயிரமாயிரம் ஒரே மாதிரிப் பாகத்துக்கு அச்சு இயந்திரம் ஏற்றதில்லை. அது மெதுவாக ஓடுவது, ஒரு பாகத்தின் விலை குறையாது.

பிளாஸ்டிக்கிலும் ஊருக்குத் தக்க பொருள் வேண்டும். மலிவான பிரிண்டர்களோடு வரும் பி.எல்.ஏ. இழை சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, சூடான மோட்டார் பக்கத்தில் அதை மாட்டினால் கோணிவிடும். பி.இ.டி.ஜி. 80 டிகிரி வரை, ஏ.பி.எஸ். 100 வரை தாங்கும். அடுக்குகளுக்குக் குறுக்காக இழுத்தால் எந்த இழையும் பலம் குறைந்தே இருக்கும் என்பதால், விசை எந்தத் திசையில் வருகிறது என்று பார்த்துப் பாகத்தைப் படுக்கவைத்தோ நிறுத்திவைத்தோ அச்சிட வேண்டும். உலோக அச்சு இயந்திரத்தின் விலை கோடியில். அச்சிட்ட பிறகும் சூட்டுப் பதம், தாங்கிகளை வெட்டி எடுத்தல், மேற்பரப்புக் கடைசல், உள்ளே ஓட்டை இருக்கிறதா என்ற சோதனை எல்லாம் காத்திருக்கின்றன. தனிப் பட்டறை அதை வாங்க நினைப்பது இன்றைக்கு வேண்டாத சுமை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. நம் நாட்டில் பதிவு செய்த வடிவமைப்புக்குப் பத்து ஆண்டு, நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டு பாதுகாப்பு. காப்புரிமைக்கு இருபது ஆண்டு. முப்பது வருடத்து அச்சு இயந்திரத்தின் உதிரிபாகத்தைத் தன் தேவைக்குச் செய்துகொள்பவருக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. போட்டிக்காரரின் புதுப் பொருளை ஸ்கேன் செய்து சந்தைக்குக் கொண்டுபோவது திருட்டு.

அரசின் பக்கம் கதவுகள் சில திறந்திருக்கின்றன. சேர்ப்பு உற்பத்திக்கான தேசிய உத்தியை மத்திய மின்னணு அமைச்சகம் 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. உலகச் சந்தையில் 5 சதவீதத்தை இந்தியா பிடிக்க வேண்டும் என்பது அதில் வைத்த இலக்கு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தும் திட்டம் வந்தது. குறு, சிறு தொழில்கள் குழுவாகச் சேர்ந்தால் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் குழுமத் திட்டத்தில் மானியமும் உண்டு. பல லட்ச ரூபாய் ஸ்கேனரைத் தனியாக வாங்க முடியாத பத்துப் பட்டறைகள் சேர்ந்து வாங்கலாம். அச்சகக்காரர்கள், எண்ணெய் ஆலைக்காரர்கள், பம்ப் மெக்கானிக்குகள் வாடகை கொடுத்துப் பயன்படுத்தலாம். இயக்குவதற்கு ஐ.டி.ஐ. மாணவர்கள், பக்கத்தில் நின்று தேய்மானம் எது என்று சொல்வதற்கு மூத்த டர்னர்கள். ஸ்கேன் செய்த ஒவ்வொரு பாகத்தின் கோப்பும் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்தால், ஐந்து வருடத்தில் இந்த வட்டாரத்துப் பழைய இயந்திரங்களுக்கெல்லாம் வரைபடம் இருக்கும்.

உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உடைந்த கியரையும் தேய்ந்த கேமையும் பழைய இரும்புக் கடைக்கு எடை போடும் முன் ஒருமுறை ஸ்கேன் எடுத்து வையுங்கள். அதைவிட நல்லது, புதிதாக ஓர் இயந்திரத்தை இறக்கும் அன்றைக்கே, எதுவும் தேயாத நிலையில், சீக்கிரம் தேயக்கூடிய பாகங்களை அளவெடுத்துவிடுவது. ஐ.டி.ஐ. மாணவர்களே, கணினியில் வரையக் கற்றுக்கொள்ளும் அதே பருவத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்து வெர்னியர் பிடிக்கவும் மாட்யூல் கணக்குப் போடவும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் தெரிந்த ஆளுக்குச் சூலக்கரையிலேயே வேலை இருக்கிறது.